வாரத்துக்கு இரண்டு ஸ்பூன்

என் கணவரின் அக்கா எங்கள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்த அன்றே நான் ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பட்டியலில் பதினான்காவதாக அவர் பெயரைப் பார்த்ததும், அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன். முகவரியைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துப் பார்த்தேன்.

நகராட்சியில் குப்பைப் பிரிவில் எனக்கு வேலை. குப்பையைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். தெருவுக்கு ஒரு தன்னார்வலர் வருவார். நான்கு சனிக்கிழமை வகுப்பு. எது மக்கும், எது மக்காது, எதைக் கழுவிக் காயவைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும், சமையலறைக் கழிவை வீட்டிலேயே ஒரு வாளியில் எப்படி உரமாக்குவது. அதன்பிறகு ஒரு மாதம் அவர்கள் தங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு எழுத்துத் தேர்வு, நான் நேரில் போய்ப் பார்க்கும் ஒரு தேர்வு. இரண்டிலும் தேறினால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை பேட்ஜ். நான்கு வருடத்தில் இருநூறு பேருக்கு மேல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாலாவது வகுப்பிலும் "அப்போ பல் தேய்க்கிற பிரஷ் மக்கும்தானே?" என்று கேட்டவர்களையெல்லாம் சிரித்த முகத்தோடு சமாளித்தவள். அலுவலகத்தில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர்.

அண்ணி முப்பத்தொரு வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கடைசி ஒன்பது வருடம் தலைமை நர்ஸ். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அவர் தெருவில் எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். சொந்தத் தம்பியான என் கணவரைத் தவிர அந்த வட்டாரத்தில் அத்தனை பேரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டுப் பிள்ளை ஊசிக்கு ஓடி ஒளியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

முதல் வகுப்பில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணி எழுந்து நின்று ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னார். பிறகு எல்லாரையும் பார்த்து, "இவ என் தம்பி சம்சாரம்தான். பார்க்கறதுக்கு விவரம் தெரியாதவ மாதிரி இருப்பா. அப்படி இல்ல, படிச்சவ. கொஞ்சம் வேகமா பேசுவா. நீங்க கவனமா கேட்டுக்குங்க" என்றார்.

பதிமூன்று பேரும் என்னை விவரம் தெரியாதவளா என்று பார்த்தார்கள்.

இரண்டாவது வகுப்பு மறுசுழற்சி. பால் பாக்கெட்டைக் கழுவுவதற்கு முன் முனையை முழுதாக வெட்டிப் போடாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறிவிட்டால் அந்தச் சின்னத் துண்டு சாக்கடைக்குப் போகாது என்று அண்ணி செய்து காட்டினார். வீட்டில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அந்த ஊசியை மூடி போட்ட கெட்டி பாட்டிலில் போட்டு, டேப் ஒட்டி, தனியாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குப்பை பிரிக்கிறவர் கையில் குத்தும் என்றார். நான்கு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. என் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். சும்மா தொல்லை கொடுக்கிறவராக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். பாதி நேரம் சரியாகவும் சொல்கிறவரை என்ன செய்வது?

மூன்றாவது வகுப்பு உரம். என் வீட்டு வாளியையே எடுத்துப் போயிருந்தேன். பழைய பெயின்ட் வாளி, பக்கவாட்டில் பென்சில் கனத்துக்குத் துளைகள். மூடியைத் திறந்து குச்சியால் கிளறிக் காட்டினேன். மேலே நேற்றைய வெங்காயத் தோல், அடியில் கறுப்பாகப் பாதி மக்கியது, நடுவில் அரிசி அரிசியாகப் புழுக்கள்.

"புழுவைப் பார்த்து பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்களும் இந்தப் புழுவும் சேர்ந்துதான் இதை உரமாக்குது. ரொம்ப அதிகமா இருந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம். காஞ்ச இலையோ மரத்தூளோ ரெண்டு கை போட்டு கிளறி விடுங்க. அவ்வளவுதான்."

அண்ணி எழுந்து வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கட்டுப் பிரித்த புண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு இந்தப் புழு?"

"ஒரு வாரம் இருக்கும் அண்ணி."

"நீ ஒண்ணும் பண்ணல?"

"அது வேலை செய்யுது அண்ணி."

"வேலை செய்யுது" என்று அவரும் சொன்னார். போய் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போதே எட்டிப் பார்த்திருந்தால் பின்னால் வந்த ஒன்றரை மாத அவஸ்தை இல்லை.

தெருக்களைப் பிரித்துக் கொடுத்தபோது அண்ணியின் தெருவுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு தெருவுக்கும் ஆள் இல்லை. "நானே பார்த்துக்கறேன்" என்றார். மூன்று தெரு, தொண்ணூற்றாறு வீடு. வாளிகளை நகராட்சியே கொடுத்தது.

அதே வகுப்பில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒல்லியான மனிதர், பேசினால் தனக்கே கேட்காது. இந்த நான்கு வருடத்தில் என்னிடம் படித்தவர்களில் பாடம் முழுவதும் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். வீட்டில் வாளி வைத்து, தேதி போட்டுக் குறித்து, ஈரம் அதிகமானால் தன் கடையிலேயே மிஞ்சும் பருத்தித் துணித் துணுக்குகளைப் போட்டுப் பார்த்திருந்தார். ஆனால் இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, முப்பது வீடுகள் உள்ள தெருவில் ஏழே வீட்டில்தான் சொல்லியிருந்தார். அந்த ஏழு பேரும் அளவு கொடுக்க அவர் கடைக்கு வந்தவர்கள்.

"கதவைத் தட்டிடறேன் மேடம். அவங்க திறக்கறதுக்குள்ள திரும்பி வந்துடறேன்" என்றார்.

அண்ணியோ அதே இரண்டு வாரத்தில் தொண்ணூற்று நான்கு வீட்டை முடித்திருந்தார். விட்டுப்போன இரண்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொரு வீட்டுக்காரர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரை அங்கேயே போய்ப் பார்த்துப் பாதிப் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தார்.

எங்கள் பிரிவு அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இந்தம்மா மாதிரி பத்து பேர் போதும் மேடம். மத்தவங்கள வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். மாதக் கடைசியில் எழுத்துத் தேர்வு நடந்தது. இருபது கேள்வி. அண்ணிக்கு இருபதும் சரி. பன்னிரண்டாவது கேள்வி, வாளியில் புழு அதிகமானால் என்ன செய்ய வேண்டும் என்பது. 'உலர்ந்த இலை அல்லது மரத்தூள் சேர்த்துக் கிளறிவிட வேண்டும். பயம் தேவையில்லை' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை குப்பை வண்டி ஓட்டுகிறவர் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்த மூணு தெருவுக்குள்ள வண்டியை விட்டா கண்ணு எரியுது. என்னதான் சொல்லிக்குடுத்தீங்க அங்க?"

போனேன். முதல் வீட்டில் ஒரு பெண் வாளியை வாசலுக்கு எடுத்து வந்து வைத்தார். மூடியைத் திறந்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். நீச்சல் குளத்தில் எதையோ அழுகவிட்டதுபோல் ஒரு வாடை. உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் போட்ட வாழைப்பழத் தோல் போட்டபடியே இருந்தது. அடியில் மட்டும் கொழகொழவென்று நாறிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க வெள்ளையா?"

"பிளீச்சிங் பவுடர். வாரத்துக்கு ரெண்டு ஸ்பூன்" என்றார் அந்தப் பெண், நன்றாகப் படிக்கும் பிள்ளைபோல. "சிஸ்டர் சொல்லியிருக்காங்க. ஒரு நாளும் தவறல, பாருங்க."

மூடியின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்குமே, அதுபோல் கட்டம் போட்ட அட்டை. கிழமை, காலை, மாலை, பவுடர். கட்டத்துக்குக் கட்டம் டிக் அடித்திருந்தது. கீழே அண்ணியின் கையெழுத்து.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. எல்லா மூடியிலும் அட்டை. ஒரு வீட்டில் பவுடருக்கு மேல் பினாயிலும் ஊற்றியிருந்தார்கள். அது அவர்கள் சொந்த முயற்சி. பதினோரு வீடு பார்த்த பிறகு நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு விஷயத்தை ஜனங்கள் சொன்னபடி கேட்க மாட்டார்களா என்று நான்கு வருடமாக ஏங்கியிருக்கிறேன். கேட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள்.

நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்றார்.

"அண்ணி, வாளியில பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னீங்களா?"

"ஆமா. ரெண்டே ஸ்பூன். ஜாஸ்தி இல்லையே."

"கிருமி செத்துடுமே அண்ணி."

"அதுக்குத்தானே போடறது?"

"பரீட்சையில சரியா எழுதியிருந்தீங்களே. காஞ்ச இலை, மரத்தூள்னு."

"பரீட்சைக்கு நீ சொன்னத எழுதினேன். வீட்டுக்கு எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்." மடித்த துணியைத் தட்டி அடுக்கினார். "முப்பத்தொரு வருஷம் வார்டுல இருந்திருக்கேன். புழு வச்ச புண்ணு எப்படி இருக்கும்னு நீ பார்த்திருக்கியா? நான் கையால எடுத்திருக்கேன். கைக்குழந்தை இருக்கற வீடு அந்த மூணு தெருவுல எத்தனைன்னு உனக்குத் தெரியுமா? இருபத்திரெண்டு. அவங்க சமையக்கட்டுல கொண்டுபோய் புழுவை வளர்க்கச் சொல்ல எனக்கு மனசு வரல."

"அண்ணி, அது புண்ணு இல்ல. குப்பை."

"ரெண்டுக்கும் வர்ற ஈ ஒண்ணுதான்."

அரை மணி நேரம் பேசினேன். நல்ல கிருமி, கெட்ட கிருமி, காற்று, ஈரம், எல்லாம் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில், "உன் புஸ்தகத்துல அப்படி இருக்கலாம்மா. நான் தப்புன்னு சொல்லல" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்தார். நான் குடிக்கவில்லை. அதை அன்று மாலையே என் கணவருக்குப் போன் செய்து சொல்லியிருந்தார்.

"ஒரு வாய் குடிச்சிருக்கலாம்ல?" என்றார் இவர்.

"பவுடர் விஷயத்தைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க." தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். "நீ சொல்றது சரிதான். அக்கா சொல்றதையும் தப்புன்னு சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?"

"சொல்ல முடியாது. என்னால."

சரி, அலுவலகத்திலாவது ஒருவருக்குப் புரியும் என்று மறுநாள் எங்கள் அதிகாரியிடம் போனேன். அடுத்த திங்கட்கிழமை பேட்ஜ் வழங்கும் கூட்டம். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அதில் வாசிக்க எங்கள் அதிகாரி அண்ணியைப் பற்றித் தனியாக ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார்.

"தொண்ணூத்தி நாலு வீட்டுல வாளி இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். உரம் இல்ல. எல்லாம் கெட்டுப்போயிருக்கு."

"மேடம், வர்றவரு மூடியைத் திறந்து பார்க்கப் போறாரா?"

"நான் திறந்து பார்த்துட்டேன் சார்."

"அதான் பிரச்சினையே" என்றார்.

என் வேலையில் எனக்கென்று இருக்கும் அதிகாரம் ஒன்றே ஒன்றுதான். நேரில் பார்க்கும் தேர்வில் என் கையெழுத்து இல்லாமல் பேட்ஜ் கிடையாது. அண்ணியின் தாளில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எரிச்சலில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

முன்கூட்டியே அண்ணியிடம் சொல்லிவிடும்படி இவரிடம் சொன்னேன். சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. அன்று அண்ணி கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது, அதை யார் தலையிலும் கட்ட முடியாது. பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஏழு வீட்டுக்குச் சொன்ன தையல்காரர் பெயரையும் கூப்பிட்டார்கள். கூட்டம் முடிந்தது. அண்ணி எழுந்து, தன் நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வெளியே போனார்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனால் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. வாளிகள். அடுக்கடுக்காக, உள்ளே இருந்ததோடு. நான் பார்க்கும்போதே ஒருவர் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"எங்க சிஸ்டருக்குத் தகுதி இல்லைன்னு சொன்னா, அவங்க சொல்லிக்குடுத்தது எங்களுக்கு எதுக்கு? நீங்களே வச்சுக்குங்க."

மத்தியானத்துக்குள் முப்பத்தேழு வாளி சேர்ந்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, "நீங்கதானே திறந்து பார்த்தீங்க? நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அலுவலகத்தின் பின்பக்கம் உடைந்த மேசை நாற்காலி போடும் ஒரு இடம் இருந்தது. அங்கே முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கொட்டினேன். வாடையில் கண்ணில் தண்ணீர் வந்தது. வாடையினால் மட்டும் வந்ததா என்று கேட்டால், இல்லை. இருபதாவது வாளியின்போது தையல்காரர் வந்து நின்றார். சட்டையில் பேட்ஜ் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

இரண்டு பேரும் அதை அகலமாகப் பரப்பி, பவுடர் வாடை போக ஒரு நாள் முழுதும் காற்றாட விட்டோம். மறுநாள் பூங்காவிலிருந்து காய்ந்த இலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கலந்து, இடுப்பு உயரத்துக்கு ஒரே குவியலாகக் கூட்டினோம். தையல்காரர் தன் வாளியில் விளைந்த உரத்தில் பாதியை அதில் கலந்துவிட்டு, மீதியை வாளியோடு பக்கத்திலேயே வைத்தார். "இதுல இருக்கற கிருமி அங்க போய் பிடிச்சுக்கும் மேடம்" என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

சனிக்கிழமை காலை அண்ணி வந்தார். கையுறை, மாஸ்க், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு பை. என்னைப் பார்க்கவில்லை.

"என் தெரு வாளியெல்லாம் இங்கதான் இருக்காமே" என்று தையல்காரரிடம் சொன்னார். "நான் சொல்லிக்குடுத்து வந்த அசிங்கத்தை இன்னொருத்தர் கழுவக் கூடாது. அந்தப் பழக்கம் எனக்கு இல்ல. எங்க இருக்கு?"

தையல்காரர் குவியலைக் காட்டினார். அண்ணி வாடைக்குத் தயாராகி அருகில் போனார். நின்றார். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு மூக்கால் இழுத்துப் பார்த்தார்.

"நாத்தம் இல்லையே."

தையல்காரர் தன் வாளியின் மூடியைத் திறந்தார். கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த மண்போல் மணத்தது. அண்ணி கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளி விரல்களால் நசுக்கினார்.

"பவுடர் போடாமலேயா?"

"போடாமத்தான் சிஸ்டர்."

அப்போது குவியலின் மேலிருந்து லேசாக ஆவி கிளம்புவதை அவர் பார்த்தார். கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? பையைத் திறந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்தார். நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. குவியலுக்குள் செருகி, மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். சில வினாடியில் அது பீப் என்று கத்தியது. எடுத்துப் பார்த்தால் எண் இல்லை, வெறும் கோடுதான் காட்டியது.

"இதோட அளவைத் தாண்டிடுச்சு" என்றார். முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "காய்ச்சல் அடிக்குது."

"ஆமா அண்ணி. கிருமிங்க வேலை செய்யும்போது சூடு வரும்."

"இந்தச் சூட்டுல கெட்ட கிருமி நிக்காதே."

"நிக்காது அண்ணி."

"புழுவும் செத்துடும்."

"உள்ள இருக்கறது செத்துடும். சிலது வெளிய ஓடிடும்."

"அப்போ இது உடம்பு காய்ச்சல் மாதிரிதான். அதுவா சூடாகி அதுவா கொன்னுக்குது."

"அதைத்தான் அண்ணி நான் மூணாவது கிளாஸ்ல சொன்னேன்."

"நீ கிருமி வேலை செய்யுதுன்னு சொன்ன. காய்ச்சல்னு சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா நான் ஏன் பவுடர் போடப்போறேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பத்தேழு வாளி அழுகலை முகர்ந்து, அதிகாரியிடம் பேச்சு வாங்கி, வீட்டில் ஒருவாரம் உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டு, கடைசியில் தப்பு என் மேல் வந்து நிற்கிறது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"வாளி சின்னதாச்சே. அதுல இவ்வளவு காய்ச்சல் வருமா?"

"வராது அண்ணி."

"பின்ன?"

அந்தக் கேள்வியை நான்கு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். வாளியில் சூடு வெதுவெதுப்போடு நின்றுவிடும். அங்கே நாள்தான் மருந்து. ஈரமில்லாமல், காற்றுப் பட, மூடியோடு இரண்டு மாதம் விட்டால் நல்ல கிருமிகள் மற்றதுக்குச் சாப்பாடு மிச்சம் வைக்காது. கிளறியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வாளியைச் சமையலறையில் வைக்காமல் பால்கனியில் வைக்கலாம்.

"இதெல்லாம் நீ கிளாஸ்ல சொல்லலையே" என்றார் மறுபடியும்.

உண்மைதான். சொல்லவில்லை.

அன்று மாலையே மூன்று தெருவுக்கும் போக வேண்டும் என்றார். என்னையும் கூப்பிட்டார். தையல்காரரை அவர் வாளியைத் தூக்கி வரச் சொன்னார். கழுவி வைத்த முப்பத்தேழு வாளியும் திருப்பிக் கொடுக்கக் குப்பை வண்டியில் பின்னால் வந்தன. முதல் கதவு திறந்ததும், தான் சொன்னது தவறு என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைக் கேட்பதற்காகவே போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

"பவுடரை நிறுத்தியாச்சு" என்றார் அண்ணி. "இனிமே காஞ்ச இலை மட்டும். ஒரு கை குப்பைக்கு ரெண்டு கை இலை. மருந்து மாத்தியிருக்கோம்."

அந்த வீட்டுப் பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மருந்தை மாற்றுவது ஊரில் நடக்காததா? சரி சிஸ்டர் என்று அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டையை வாங்கிக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டிலும் மருந்து மாற்றம்தான். அதற்கடுத்த வீட்டிலும். ஒவ்வொரு வாசலிலும் தையல்காரர் தன் வாளியைத் திறந்து காட்டினார். முதல் பத்து வீட்டில் மௌனமாக. பிறகு "மோந்து பாருங்க" என்று மெல்ல ஒரு வார்த்தை. மூன்றாவது தெருவுக்கு வந்தபோது, கதவைத் தட்டியது அவர்தான். திரும்பி ஓட வழியில்லாமல் அண்ணி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஒரே ஒரு வீட்டில், மடியில் குழந்தையோடு ஒரு பெண் கேட்டார்: "அப்போ முதல்ல பவுடர் போடச் சொன்னது, சிஸ்டர்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"தப்பா சொல்லிட்டேன்மா" என்றார். "குழந்தை இருக்கேன்னு சொன்னேன். தப்பா போச்சு."

அந்தப் பெண் பரவாயில்லை சிஸ்டர் என்றார். அண்ணி குழந்தையின் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சளி இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வா என்றார். வெளியே வந்து அடுத்த வீட்டுக்கு நடந்தார். இத்தனை நாள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்த எனக்கு, அதைக் கேட்டதும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. போதும், வீட்டுக்குப் போய்க் கால் நீட்டினால் தேவலை என்றிருந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் நேரில் பார்க்கும் தேர்வு வைத்தேன். தொண்ணூற்று நான்கில் எண்பத்தெட்டு வாளி சரியாக இருந்தது. தாளில் 'தேறியவர்' என்று எழுதினேன். மீதி ஆறு வீட்டின் பட்டியலை அண்ணி வாங்கிக்கொண்டு, அதில் இரண்டை நான் தவறாகக் குறித்திருப்பதாக முக்கால் மணி நேரம் வாதாடினார். ஒன்றில் அவர் சொன்னது சரி.

அடுத்த குழுவின் மூன்றாவது வகுப்பில், கூப்பிடாமலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கிருமிகளைப் பற்றி ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இரும்மா, அதை நான் சொல்றேன்" என்று முன்னால் வந்துவிட்டார். காய்ச்சல் என்றார். உடம்பு என்றார். சின்ன வாளி, பெரிய குவியல் என்றார். தன் பவுடர் கதையையும், முப்பத்தேழு வாளியையும், ஒரு இடத்திலும் பூசி மெழுகாமல் சொன்னார். பதினாறு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் சொல்லும்போது ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை. என் வகுப்பில் எனக்கே நாற்காலி இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தும் நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை.

முதல் வரிசையிலிருந்த ஒரு கல்லூரிப் பெண் கை தூக்கினாள்.

"மேடம், நாங்களும் ஏதாவது ஒரு வீட்டுல தப்பா சொல்லிட்டா என்ன பண்றது?"

"திரும்பப் போய் சரியா சொல்லணும். வேற என்ன?" என்றார் அண்ணி.

"எல்லா வீட்டுக்குமா?"

"சொன்ன எல்லா வீட்டுக்கும்."

"கஷ்டமா இருக்காதா மேடம்?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "முட்டி வலிக்கும்" என்றார். "மாடி வீடு நிறைய."

அடுத்தது பேட்டரிகளைப் பற்றிய பாடம். அதையாவது நான் எடுக்கலாம் என்று முன்னால் போனேன்.